திருவொற்றியூர்ல வீட்டு பார்க்கிங்லயே காருக்கு செராமிக் கோட்டிங் போட முடியுமா?

திருவொற்றியூர் பலேனோ:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு திருவொற்றியூர்ல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு உள்பக்கம், மொட்டை மாடில நின்னா கடல் தெரியும். போன வருஷ கடைசில பலேனோ எடுத்தோம், நீல கலர், வீட்டுக்கு முதல் கார், அப்பா அதை சாமி மாதிரி பாத்துக்கறார். பிரச்சனை என்னன்னா ராத்திரி கழுவி நிறுத்தினா காலைல பானெட் மேல சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு படலம், அதுக்கு மேல பனி பெய்ஞ்சு புள்ளி புள்ளியா காஞ்சு கிடக்கு. கண்டெய்னர் லாரி தூசி ஒரு பக்கம், உப்புக் காத்து ஒரு பக்கம், எண்ணூர் பக்கத்துலருந்து வர்ற தூசி ஒரு பக்கம். அபார்ட்மென்ட்ல கார் துடைக்கற அண்ணன் தினமும் காலைல காஞ்ச துணியால துடைச்சு விட்டுடறார், இப்ப வெயில்ல பாத்தா டோர் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு.

செராமிக் கோட்டிங், அதான் பெயிண்ட் மேல தடவி இறுக விடற கண்ணாடி மாதிரி பாதுகாப்பு படலம், போடலாம்னு விசாரிச்சா காருக்கு பாலிஷ், கோட்டிங் எல்லாம் போடற டீடெய்லிங் கடைல இருபதாயிரத்துக்கு மேல சொல்றாங்க, அவ்ளோ இப்ப முடியாது. ஆன்லைன்ல 30 எம்எல் பாட்டில், துணி, க்ளவுஸ் எல்லாம் சேத்து கிட்டா வருது, வீட்லயே போடலாம்னு போட்டிருக்கு. ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கு, அதான் கட்டடத்துக்கு அடில தூணுக்கு நடுவுல, மூணு பக்கம் திறந்த இடம். போர் தண்ணி உப்பு, குளிச்சா சோப்பு நுரை வராது, அந்த மாதிரி தண்ணி. இந்த இடத்துல, இந்த தண்ணில, நானே போட்டா நிக்குமா? போட்டா கோடு விழறது நிக்குமா, துரு பிடிக்காதா? இதுக்கு முன்னாடி நான் பாலிஷ் மெஷினை கைல தொட்டது கூட இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பெரம்பூர் டீடெய்லர்:

ப்ரோ, தாராளமா போடலாம். ஆனா பாட்டிலை பத்தி யோசிக்கறத கொஞ்சம் தள்ளி வைங்க. வேலைல முக்கால்வாசி பாட்டில் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், கோட்டிங் தடவறது கடைசில வர்ற சின்ன வேலை. பெயிண்ட் மேல என்ன இருக்கோ அதை அப்படியே உள்ள வச்சு மூடிடும் இந்த கோட்டிங். கோடு இருந்தா கோட்டோட, உப்புத் தண்ணி புள்ளி இருந்தா புள்ளியோட. அப்பறம் அதை எடுக்கணும்னா கோட்டிங்கையும் சேத்து பாலிஷ் போட்டு தான் எடுக்கணும்.

முதல்ல அந்த காஞ்ச துணி துடைக்கறத இன்னைக்கே நிறுத்துங்க, இதை எவ்ளோ அழுத்தி சொன்னாலும் பத்தாது. அந்த அண்ணன் கிட்ட மரியாதையா சொல்லுங்க, மாச காசு அப்படியே குடுங்க, கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும் பாத்துக்க சொல்லுங்க. நம்ம ஏரியா தூசில மணலும் சாம்பலும் இருக்கு, அதை காஞ்ச துணிய வச்சு தேய்க்கறது உப்புத்தாள் போடற வேலை தான். செராமிக் போட்ட அப்பறமும் இதே மாதிரி துடைச்சா இதே கோடு திரும்ப விழும். 9 ஹெச் ஹார்ட்னெஸ்னு பாட்டில்ல போட்டிருப்பான், அது பென்சில் டெஸ்ட், 9 ஹெச் பென்சில் முனை கீறாதுன்னு அர்த்தம். மணல் துகள் அந்த பென்சிலை விட ரொம்ப கடினம்.

சரி, வரிசையா சொல்றேன். கார் நிழல்ல நின்னு பாடி நல்லா ஆறி இருக்கணும், கையோட பின்பக்கத்தை பானெட்ல வச்சா சூடே தெரியக்கூடாது. தொடறதுக்கு முன்னாடி வெறும் தண்ணிய பிரஷர்ல அடிச்சு தூசிய இறக்குங்க, மேல இருந்து கீழ. பிரஷர் வாஷர் இல்லன்னா தோட்டத்துக்கு விடற ஹோஸ் போதும், கொஞ்சம் அதிக நேரம் விடுங்க. அப்பறம் ஷாம்பு நுரை போட்டு நாலஞ்சு நிமிஷம் ஊற விட்டு, காய விடாம திரும்ப தண்ணி. இதுக்கு அப்பறம் தான் கை படணும். ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பு தண்ணி, ஒண்ணுல நல்ல தண்ணி, ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் கைல மாட்டி தேய்க்கற வாஷ் மிட்டை நல்ல தண்ணில அலசிட்டு தான் ஷாம்புல முக்கணும். வீல்லயும் டோர் கீழ்ப்பகுதிலயும் போட்ட துணி மேல ஏறவே கூடாது.

அடுத்தது அயர்ன் ரிமூவர். ரயில் லைன் ஓரம் கார் நிறுத்தறவங்களுக்கு இது கட்டாயம், எங்க பெரம்பூர்ல ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரி பக்கம், லோகோ ஒர்க்ஷாப் பக்கம் நிக்கற வெள்ளை கார்ல எல்லாம் ஆரஞ்சு புள்ளி பாக்கலாம், எல்லாம் பறந்து வந்து ஒட்டின இரும்புத் துகள். ஸ்ப்ரே அடிச்சா இரும்பு இருக்கற இடம் எல்லாம் ஊதாவா மாறி கண்ணீர் மாதிரி வழியும். நாத்தம் குடலை புரட்டும், மாஸ்க் போட்டுக்கோங்க. பாட்டில்ல போட்ட நேரத்துக்கு மேல விடாதீங்க, காயவும் விடாதீங்க. ரோட்டு தார் ஒட்டி இருந்தா தார் ரிமூவர் தனியா. அப்பறம் க்ளே பார், ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி. ஷாம்பு தண்ணிய தாராளமா விட்டுட்டு அழுத்தாம சும்மா வழுக்க விடணும், முதல்ல சொர சொரன்னு கேக்கும், சத்தம் நின்னு வழுக்க ஆரம்பிச்சா அந்த இடம் முடிஞ்சது. சுத்தமான்னு தெரிய ஒரு வழி இருக்கு, கைய ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் கவர்க்குள்ள விட்டு பெயிண்ட் மேல தடவி பாருங்க, வெறும் கைக்கு தெரியாத சொரசொரப்பு எல்லாம் தெரியும். க்ளே கீழ விழுந்தா தூக்கி போட்டுடுங்க, மணல் ஒட்டினதை திரும்ப கார் மேல வைக்கவே கூடாது.

பாலிஷ் விஷயம் நாளைக்கு எழுதறேன், அது தனி கதை.

வியாசர்பாடி பெயிண்டர்:

தம்பி, நான் டிங்கரிங் பெயிண்டிங் லைன்ல ரொம்ப வருஷமா கீறேன். மேல ஒரு தம்பி சொன்னது எல்லாம் கரெக்ட்டு. நான் பாலிஷ் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், இத மட்டும் உஷாரா கேட்டுக்கோ.

கம்பெனி பெயிண்ட் மொத்தமே 100லருந்து 140 மைக்ரான் கிட்ட தான் இருக்கும், அதுல கலருக்கு மேல கீற கலர் இல்லாத க்ளியர் கோட்டு 40, 50 மைக்ரான். மனுசன் தலைமுடிய விட சன்னம். அந்த சன்னத்துல தான் வெயிலு தாங்கறது, பளபளப்பு எல்லாமே கீது. பாலிஷ் போட்டா அதுலருந்து கொஞ்சம் எடுக்கறோம்னு அர்த்தம், கோடு மறையறது அப்டித்தான். புது வண்டிய ரப்பிங் காம்பவுண்ட் போட்டு ரோட்டரி மெஷின்ல இஸ்துக்கினு போனா அன்னிக்கு கண்ணாடியாட்டம் இருக்கும், ஆனா க்ளியர் போயிட்டா அப்பால திரும்ப வராது, ரீபெயிண்ட் தான். வாட்டர் சர்வீஸ்ல இலவச பாலிஷ்னு சொன்னா வேணாம்னு சொல்லிட்டு வந்துடு. உனக்கு மெஷின் பழக்கம் இல்ல, அதனால டிஏ, அதான் டூயல் ஆக்ஷன் மெஷின் மட்டும் எடு, அது சுத்திக்கினே ஆடும், ஒரே எடத்துல சூடு ஏறாது. ஃபினிஷிங் பாலிஷ், சாஃப்ட் ஃபோம் பேடு. டோரு ஓரம், பானெட்டு மடிப்பு, பம்பர் முனை, அங்கல்லாம் பெயிண்ட் சன்னமா தான் ஒக்காந்துருக்கும், அங்க மெஷின வைக்காத, டேப் ஒட்டிட்டு கைல லேசா போட்டா போதும். வேல ஆரம்பிக்கச்சொல்ல டிக்கி மூலைல ஒரு சாண் எடத்துல போட்டு பாரு, எவ்ளோ கோடு போவுதுன்னு தெரிஞ்சிடும். ஆழமா கீற கோடு நகத்துல மாட்டுச்சுன்னா அத விட்டுடு, அத துரத்திக்கினு போனா க்ளியர் காலி.

இன்னோரு விசயம். பம்பரோ ஃபெண்டரோ எங்கயாவது இடிச்சு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த பேனலுக்கு ஒரு மாசமாவது கேப்பு குடு, அதுக்கு மேல விட்டாலும் நல்லது தான். உள்ள கீற தின்னர் ஆவி வெளிய போவணும். போறதுக்குள்ள மேல மூடினா பெயிண்ட் நிக்காது, கொப்புளம் வந்துரும். கம்பெனி பெயிண்ட் சூளைல சுட்டு வர்றது, அதுக்கு இந்த பேஜார் இல்ல.

துருன்னு கேட்ட பாரு, அதான் முக்கியம். செராமிக் மேல் பெயிண்டுக்கு தான். துரு பெரும்பாலும் மேலருந்து வராது, கீழருந்து தான் வரும். காசிமேட்டுல மீன் ஏத்தற வண்டிங்க எங்ககிட்ட வரும், மேல பெயிண்ட் அப்டியே கீது, டோர் அடில விரல் வச்சா உள்ள போவுது. ஐஸ் தண்ணி, உப்புத் தண்ணி உள்ள தங்கிக்கினு போவாது. உன் வண்டி டோர் அடில பாரு, குனிஞ்சு பாரு, சின்ன சின்னதா தொளை இருக்கும், தண்ணி எறங்கறதுக்கு. அதுல மண்ணு அடைச்சிக்கினா உள்ள தண்ணி நிக்கும். ஒரு பிளாஸ்டிக் ஒயர வச்சு குத்தி உட்டுடு. அண்டர் பாடி கோட்டிங் அடிக்கறவன் கிட்டயும் நின்னு பாரு, அந்த தொளைய சேத்து அடைச்சிடுவான். கழுவச்சொல்ல வீல் ஆர்ச்சு உள்ள, கீழ எல்லாம் தண்ணிய அடி, மேல கழுவறத விட அது தான் உனக்கு துட்டு மிச்சம் பண்ணும்.

மணலி கெமிஸ்ட்:

பெயிண்டர் அண்ணன் சொன்னது ரொம்ப சரி. நான் ஏன் இப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், தெரிஞ்சா பாட்டில்ல போட்ட நேரத்தை நம்ம ஊருக்கு எப்படி மாத்திக்கறதுன்னு புரியும்.

அனல் மின் நிலையத்துலருந்து வர்ற சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், கண்ணாடி உருண்டை மாதிரி பொடி, கூட கொஞ்சம் சுண்ணாம்பும் இருக்கும். காஞ்சு கிடக்கும் போது கீறும், பனி பட்டா அந்த சுண்ணாம்பு கரைஞ்சு காரமாகும், வெயில் ஏறினதும் தண்ணி மட்டும் போயிட்டு மிச்சம் பெயிண்ட்ல கறையா உக்காரும். நீங்க சொல்ற புள்ளி இதுவா இருக்கலாம், உங்க போர் தண்ணி காஞ்ச புள்ளியாவும் இருக்கலாம். ரெண்டுக்குமே வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து மைக்ரோஃபைபர்ல நனைச்சு அரை நிமிஷம் வச்சு எடுத்து, உடனே நல்ல தண்ணி ஊத்தி அலசினா பாதிக்கு மேல போயிடும். வெயில்ல செய்யாதீங்க.

இப்ப கோட்டிங். நல்ல பாட்டில் பலதுல இருக்கறது பாலிசிலசேனோ, அந்த குடும்பத்து சிலிக்கான் சரக்கோ, ஒரு கரைப்பான்ல கலந்தது. காத்துல இருக்கற ஈரத்தோட சேந்து தான் அது சிலிக்காவா இறுகும், மூடிய திறந்தா லேசா அமோனியா வாசனை வர்றதுக்கும் அதான் காரணம். அதனால ஈரம் அதிகமா இருந்தா வேகமா இறுகும். குளிர் நாட்டுக்காரன் பாட்டில்ல ரெண்டு மூணு நிமிஷம் விட்டு துடைன்னு எழுதி இருப்பான், அந்த கணக்கை எண்ணூர் காத்துல வச்சா துடைக்கும் போது துணி பிடிச்சு இழுக்கும், கறுப்பு திட்டு நின்னுடும். அரை நிமிஷம், முக்கால் நிமிஷத்துல பாருங்க, மேல எண்ணெய் விட்ட மாதிரி வானவில் கலர் தெரிய ஆரம்பிச்சா அது தான் துடைக்கற நேரம். தடவற அடுக்கு ஒரு மைக்ரான் கூட வராது பல பாட்டில்ல, அதனால கல்லு தெறிச்சா அது தடுக்காது, அதுக்கு பிபிஎஃப், அதான் பெயிண்ட் ப்ரொடெக்ஷன் ஃபிலிம்னு 150, 200 மைக்ரான்ல ஒண்ணு ஒட்டறாங்க, அது வேற செலவு.

முக்கியமான ஒண்ணு. செராமிக் போட்டா தண்ணி முத்து முத்தா உருளும், ரீல்ஸ்ல அதை தான் காட்டறாங்க. உப்புத் தண்ணி வீட்டுக்காரங்களுக்கு அதுல ஒரு ஆபத்து இருக்கு. தட்டையா பரவற தண்ணிய விட முத்தா நிக்கற தண்ணில உப்பு எல்லாம் ஒரு புள்ளில சேந்து காயும், புள்ளி இன்னும் ஆழமா உக்காரும். அதனால கோட்டிங் போட்ட கார கழுவிட்டு அப்படியே காய விடவே கூடாது, உடனே துண்டால ஒத்தி எடுக்கணும். கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் தண்ணி, இல்ல வீட்டு ஏசிலருந்து வர்ற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு துணில வடிகட்டி ஊத்துங்க, அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது.

எர்ணாவூர் காரன்:

அண்ணா ஒரு சந்தேகம், நான் ரோட்டு மேல தான் கார் நிறுத்தறேன், ஷெட் கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் கலந்து வந்துச்சே, எங்க தெருவுல வண்டி, சுவரு எல்லாம் தண்ணி நின்ன அளவுக்கு கறுப்பு கோடு. அப்ப டீசல் துணிய வச்சு எல்லாரும் துடைச்சோம், அதுக்கு அப்பறம் என் ஐ10ல கீழ்ப்பகுதி பெயிண்ட் மங்கலாவே இருக்கு. இப்ப அதுக்கு மேல செராமிக் போட்டா சரியாகுமா?

பெரம்பூர் டீடெய்லர்:

எர்ணாவூர் நண்பா, அந்த மங்கல் மேல கோட்டிங் போடாதீங்க, மங்கலாவே லாக் ஆகிடும். தார் ரிமூவர் போட்டு மிச்ச எண்ணெய் இருக்கான்னு பாருங்க, அப்பறம் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சாண் இடத்துல போட்டு பாருங்க. தெளிஞ்சா தொடருங்க, தெளியலன்னா க்ளியர் கோட்டே போயிருக்கு, நல்ல பெயிண்டர் கிட்ட காட்டுங்க. வெட்ட வெளில நிக்கற காருக்கு நான் செராமிக் சொல்ல மாட்டேன், தடவற அன்னைக்கும் அடுத்த ராத்திரியும் தூசி, பனி, காக்கா எச்சம் எதுவும் படாம இருக்கணும், ரோட்டு மேல அது நடக்காது. ஸ்ப்ரே சீலன்ட், அதான் அடிச்சு துடைச்சா மெல்லிசா பாதுகாப்பு படலம் விடற ஸ்ப்ரே, வாங்கி கழுவின கார் மேல மூணு மாசத்துக்கு ஒரு தடவை அடிச்சு துடைங்க, சின்ன செலவு, யாரும் தப்பா போட முடியாது. வாக்ஸ் போடறதும் நல்லது தான், ஆனா சென்னை வெயில்ல கார்னௌபாங்கற மெழுகு வாக்ஸ் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல நிக்காது.

இப்ப திருவொற்றியூர் ப்ரோவுக்கு மிச்சத்தை சொல்றேன். பாலிஷ் முடிஞ்சதும் பெயிண்ட் மேல பாலிஷோட எண்ணெய் பசை இருக்கும், அது கோடுகளை நிரப்பி மறைச்சும் வச்சிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை பாதிக்கு பாதி நல்ல தண்ணில கலந்து, இல்லன்னா கடைல விக்கற பேனல் வைப் வச்சு எல்லா பேனலையும் துடைங்க. நிறைய பேர் இதை தாண்டிடறாங்க, அங்க தான் மூணு மாசத்துல கோட்டிங் போயிடுது, அது பெயிண்ட்ல ஒட்டவே இல்ல, எண்ணெய் மேல ஒட்டி இருந்துச்சு.

தடவறதுக்கு, அப்ளிகேட்டர் கட்டைல மெத்துன்னு இருக்கற ஸ்வேட் துணிய சுத்தி நாலஞ்சு சொட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி இடம் மட்டும் எடுத்து முதல்ல படுக்கையா, அப்பறம் மேல கீழ. பானெட்டை நாலா பிரிச்சுக்கோங்க, ரூஃபை ஆறா. ஒரு துணில துடைச்சு, அடுத்த துணில திரும்ப ஒரு தடவை சுத்தமா துடைக்கணும், ரெண்டும் வேற வேற. துணி அடிக்கடி மாத்துங்க, கோட்டிங் அதுல காஞ்சா கண்ணாடித் தூள் மாதிரி ஆகிடும், அந்த துணி திரும்ப கார் பக்கமே வரக்கூடாது. நைட்ரைல் க்ளவுஸ், மாஸ்க் கட்டாயம், பக்கத்துல நெருப்பு, சிகரெட் வேண்டாம், மூணு பக்கம் திறந்த ஸ்டில்ட் மூச்சுக்கு நல்லது. பலேனோ சைஸ் காருக்கு 30 எம்எல் போதும்.

லைட் தான் உங்களுக்கு சிக்கல் ஆகும். பார்க்கிங் டியூப் லைட்ல திட்டு தெரியாது. ஒரு நல்ல எல்இடி டார்ச் எடுத்து பக்கவாட்டுல சாய்ச்சு காட்டினா திட்டு இருக்கற இடம் தனியா தெரியும். ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் அங்கயே பாத்துடுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்துட்டா அதே இடத்துல ரெண்டு சொட்டு விட்டு தடவி உடனே துடைச்சா கரைஞ்சிடும், மறுநாள் பாத்தா பாலிஷ் தான். அதனால ரெண்டு பேரா செய்யுங்க, ஒருத்தர் தடவ, ஒருத்தர் டார்ச் பிடிச்சு துடைக்க.

திருவொற்றியூர் பலேனோ:

இவ்ளோ விவரமா எழுதினதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி, அப்பாவும் பக்கத்துல உக்காந்து படிச்சார். டோர் அடி தொளைய இன்னைக்கே குத்தி பாத்தோம், பின் டோர் ரெண்டுலயும் மண்ணு. பெயிண்டர் அண்ணா, உங்களுக்கு தனியா நன்றி, இதை யாருமே எங்களுக்கு சொல்லல. துடைக்கற அண்ணன் கிட்டயும் பேசிட்டோம்.

எந்த மாசம் நல்லது? இப்ப ஈரம் ஜாஸ்தி. டிசம்பர்ல லீவு இருக்கு, அப்ப போடலாமா?

மணலி கெமிஸ்ட்:

டிசம்பர் வேண்டாம் தம்பி, வடகிழக்கு பருவமழை முழுசா விட்டிருக்காது, திடீர்னு சாரல் ஸ்டில்ட்குள்ள அடிக்கும். போகிக்கு முன்னாடியும் வேண்டாம், அன்னைக்கு நம்ம பக்கம் எரிக்கற டயர், பிளாஸ்டிக் புகை எல்லாம் கரியா கார் மேல தான் இறங்கும், ஈர கோட்டிங்ல அது ஒட்டினா எடுக்க முடியாது. பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி, பிப்ரவரி தான் நம்ம ஊருக்கு நல்ல நேரம், வெயிலும் மிதமா இருக்கும், காத்துல ஈரமும் கொஞ்சம் குறையும். காலைல ஒன்பதரை, பத்து மணிக்கு மேல ஆரம்பிங்க, விடியகாலைல பாடி மேல கண்ணுக்கு தெரியாத பனி ஈரம் இருக்கும். சாயங்காலம் ஆகறதுக்குள்ள முடிச்சிடுங்க.

கழுவறது, க்ளே, பாலிஷ் எல்லாம் முதல் நாள். மறுநாள் பேனல் வைப், கோட்டிங். அதுக்கு அப்பறம் 24 மணி நேரம் ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு கிடையாது. நடுவுல காக்கா எச்சம் பட்டா மட்டும் ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு, காஞ்ச துணியால ஒத்தி விட்டுடுங்க.

வியாசர்பாடி பெயிண்டர்:

தம்பி, மெஷின் புடிக்கறதுக்கு கை நடுங்குச்சுன்னா வண்டில ஆரம்பிக்காத. டிங்கரிங் கடைல கேட்டா பழைய டோரு, பானெட்டு ஏதாவது கழட்டி போட்டது கிடைக்கும், இரும்பு வெலைக்கே குடுப்பான். அதுல ஒரு ஞாயித்துக்கெழம போட்டு பழகு, எங்க சூடு ஏறுது, எங்க பேடு குதிக்குதுன்னு கைக்கு தெரிஞ்சிடும். வெலைக்கு வேணாம்னா என் கடைக்கே வா, பின்னாடி ஒரு ஃபெண்டர் சும்மா தான் கீது. அப்பாவையும் இஸ்துக்கினு வா, டார்ச்சு புடிக்க அவரும் பழகிக்கட்டும்.